அகலமாகும் நெடுஞ்சாலையும் ஏரி வரத்துக்காலும்

சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை காஞ்சிபுரம் நகருக்கு வடக்கே செல்கிறது. முன்பு 4 என்ற எண்ணும் இப்போது 48 என்ற எண்ணும் கொண்ட இச்சாலை, இருவழியிலிருந்து தங்க நாற்கரத் திட்டத்தில் நான்குவழி ஆயிற்று. பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே அதை ஆறுவழியாக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. இது தவிர 262 கி.மீ. நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச்சாலைக்கு 2022-ம் ஆண்டு மே 26-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஹொஸகோட்டையில் தொடங்கும் இப்புதிய சாலையின் சென்னைப் பக்க முனை ஸ்ரீபெரும்புதூர் ஆகும்.

நல்ல சாலை வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். காஞ்சிபுரத்துத் தறிகளுக்கு வேண்டிய கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்துதான் பெருமளவில் வருகிறது. கோலார் பக்கத்துத் தக்காளி கோயம்பேட்டுக்கு வருவதும் சாலை மூலமே. ஆனால் ஏரிப் பாசனப் பகுதியில் சாலையை அகலப்படுத்தும்போது நிலத்தோடு நீரின் வழியும் மாறுகிறது. இதை விவசாயிகள் திட்ட நிலையிலேயே கவனிக்க வேண்டும்.

முதலில் நிலக்கணக்கு. 60 மீட்டர் அகலத்துக்கு இடம் எடுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு 6 எக்டர், அதாவது ஏறக்குறைய 15 ஏக்கர் தேவை. விரைவுச்சாலைக்கு 90 மீட்டர் எடுத்தால் இது 22 ஏக்கரைத் தாண்டும். மூன்று மீட்டர் உயரத்துக்குக் கரை போட்டால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் மண் வேண்டியிருக்கும். இந்த மண்ணை ஏரிகளிலிருந்து எடுப்பதுண்டு. தரைமட்டம் பார்த்துச் சீராக எடுத்தால் ஏரி தூர் வாரப்பட்ட பலன் கிடைக்கும். கரையை ஒட்டி ஆழக் குழி தோண்டினால் கரைக்கே ஆபத்து.

விரைவுச்சாலைக்கும் சாதாரண நெடுஞ்சாலைக்கும் உள்ள வேறுபாடு அகலம் மட்டுமன்று. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே வண்டிகள் ஏறி இறங்கலாம். குறுக்குச் சாலை எதுவும் அதே மட்டத்தில் கடக்காது. அமெரிக்காவில் 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி போடப்பட்ட மாநிலங்களுக்கு இடையேயான நெடுஞ்சாலைகள் இந்த முறையில் அமைந்தவையே. (நமது தேசிய நெடுஞ்சாலைகள் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.) இத்தகைய சாலை ஒரு கிராமத்தின் நடுவே சென்றால், நேற்றுவரை பத்து நிமிடத்தில் போன வயலுக்குச் சுற்றிப்போக நேரும்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் இதைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீர்தான். இங்குள்ள ஏரிகள் சங்கிலித் தொடர்போல் அமைந்தவை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. பாலாறு அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்களும் ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டே செல்கின்றன; கம்பன் கால்வாய் ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை செல்கிறது. சாலைக்கரை இவற்றுக்குக் குறுக்கே எழும்போது அதுவே ஓர் அணையாகிவிடும். ஒரு பக்கம் சம்பா நடவு பல நாள் மூழ்கி அழுகும்; மறுபக்கத்து ஏரி, மழை பெய்தும் நிரம்பாது.

இதைத் தடுக்கச் சிறுபாலங்கள் கட்டுகிறார்கள். எத்தனை பாலம் என்பதைவிட அவற்றின் அடிமட்டம் முக்கியம். பாலத்தின் தளம் வாய்க்கால் மட்டத்தைவிட அரை அடி உயர்ந்தாலும் தண்ணீர் பின்னால் தேங்கும். தாழ்ந்தால் வண்டல் படிந்து அடைபடும். சிறிய குழாய்ப் பாலத்தில் முள்ளும் குப்பையும் சிக்கிக்கொள்ளும். ஆள் நுழைந்து சுத்தம் செய்யக்கூடிய பெட்டிப் பாலமே வரத்துக்காலுக்கு ஏற்றது. அளவெடுப்பு பெரும்பாலும் கோடையில் நடந்துவிடுகிறது. காய்ந்து கிடக்கும் உபரிநீர்க் காலை வெறும் பள்ளம் என்று அளப்பவர்கள் எண்ணிவிடலாம். ஆகவே 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் நீர் எதுவரை வந்தது என்பதை ஆயக்கட்டுதாரர்கள் நேரில் காட்டுவது அவசியம்.

கடவுப்பாதை கேட்கும்போது அதன் உயரத்தையும் கேட்க வேண்டும். ஆடு மாடுகளுக்கும் நடப்பவர்களுக்கும் என்று கட்டப்படும் தாழ்வான சுரங்கப்பாதையில் நெல் அறுவடை இயந்திரம் நுழையாது. வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் நுழையாது. கிணறு ஒரு பக்கமும் வயல் மறுபக்கமும் ஆகிவிடுமானால், பாசனக் குழாயைக் கொண்டுசெல்லச் சாலைக்கு அடியில் ஓர் உறைகுழாய் பதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டும்போது இதற்கு ஆகும் செலவு சொற்பம். சாலை போட்டு முடிந்தபின் உடைக்க விடமாட்டார்கள்.

இவற்றைக் கேட்பதற்கு உள்ள காலம் குறைவு. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ பிரிவின்படி அறிவிக்கை அரசிதழில் வெளியாகும். அதன் சுருக்கம் இரண்டு செய்தித்தாள்களில் வரும், அவற்றில் ஒன்று வட்டார மொழித் தாளாக இருக்கும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள், நிலமெடுப்புக்கு அதிகாரம் பெற்ற அலுவலரிடம் ஆட்சேபணையை எழுத்து மூலம் தர வேண்டும். அவர் நேரில் விசாரிப்பார். பின்னர் 3டி பிரிவின் கீழ் அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசைச் சேர்ந்துவிடும். முதல் அறிவிக்கை வந்த ஓராண்டுக்குள் அது வராவிட்டால் முதல் அறிவிக்கை செல்லாது.

இழப்பீட்டில் பலர் கவனிக்காத இரண்டு இனங்கள் உள்ளன. நிலம் இரு துண்டாவதால் எஞ்சிய நிலத்துக்கு ஏற்படும் நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்கச் சட்டம் சொல்கிறது. நிலத்தை அனுபவிக்கும் உரிமை பாதிக்கப்படும் மற்றவர்களுக்கும் நிலத்துக்கு நிர்ணயிக்கும் தொகையில் 10 சதவீதம் உண்டு. 2015 ஜனவரி முதல் 2013-ம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு முறையே நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்துகிறது. அதன்படி சந்தை மதிப்புடன் நூறு சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. தொகை போதாது என்றால் நடுவரிடம் முறையிடலாம்.

மனுவைத் தனித்தனியாகக் கொடுப்பதோடு, ஏரியின் ஆயக்கட்டுதாரர்கள் அனைவரும் சேர்ந்தும் ஒன்று கொடுக்கலாம். பட்டா, அடங்கல் நகலுடன் புலப்பட நகலையும் இணைத்து, வரத்துக்கால், கலங்கல், கிணறு, வண்டிப்பாதை ஆகியவற்றை அதில் சிவப்பு மையால் குறித்து, கொடுத்ததற்கு ஒப்புதல் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.