மங்காவிலிருந்து திரைக்கு

ஜப்பானியத் தொலைக்காட்சியில் புதிய அனிமே தொடர்கள் பெரும்பாலும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் தொடங்குகின்றன. வாரத்துக்கு ஒன்றாக ஒரு காலாண்டில் 12 அல்லது 13 பகுதிகள் வரும். பல தொடர்கள் மங்கா எனப்படும் சித்திரக்கதைகளைத் தழுவியவை. ஆகவே கதையை ஏற்கெனவே படித்தவர்களும் புதிதாகப் பார்ப்பவர்களும் ஒன்றாக அமர்ந்து பார்க்கிறார்கள். விடுபட்ட காட்சி எதுவும் படித்தவர் கண்ணுக்குத் தப்பாது.

மூலக்கதை முடியுமுன்பே தொடர் அதை எட்டிவிடுவதுதான் தழுவலின் பெரிய சிக்கல். ஹிரோமு அரகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' மங்கா 2001இல் தொடங்கியது. 2003இல் போன்ஸ் நிறுவனம் அதைத் தொடராக்கியபோது மங்கா பாதிகூட வந்திருக்கவில்லை. அதனால் 51 பகுதிகள் கொண்ட அத்தொடர் தனக்கென வேறொரு முடிவை அமைத்துக்கொண்டது. அதே நிறுவனம் மூலத்தையொட்டி 2009இல் 'பிரதர்ஹுட்' என்ற பெயரில் 64 பகுதிகளாக மீண்டும் எடுத்தது. எது சிறந்தது என்ற வாதம் ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. கதைக் கட்டுக்கோப்பில் 'பிரதர்ஹுட்' மேலானது. ஆனால் தாயை இழந்த சகோதரர்களின் துயரத்தை நின்று காட்டியதில் பழைய தொடருக்கு ஈடில்லை.

மேட்ஹவுஸ் தயாரித்த 'ஃப்ரீரென்' வேறு வகை. அரக்க மன்னனை வீழ்த்திய பிறகு தொடங்கும் நிதானமான கதை அது. 2023 செப்டம்பரில் அதன் முதல் நான்கு பகுதிகளும் ஒரே இரவில் ஒளிபரப்பாயின. அத்தகைய கதைக்கு அது மிகச் சரியான ஏற்பாடு.