அடிபட்டு மீண்ட கார்: வாங்கலாமா, விடலாமா?

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவன் மாட்டின் நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான், சுழி பார்ப்பான், பத்தடி நடக்கவிட்டு அது காலூன்றும் விதத்தைக் கவனிப்பான். அதன் பிறகே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவான். அவனுடைய பேரன் இன்று தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ உத்தியோகம் பார்க்கிறான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், ஊரிலிருந்து வரும் பெற்றோரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வரவும் ஒரு கார் வேண்டுமென்று நினைக்கிறான். புதுக் காருக்குப் பணம் போதவில்லை. பழைய கார் ஒன்று சந்தை விலையைவிட ஒரு லட்சம் குறைவாகக் கிடைக்கிறது என்கிறார் தரகர். வண்டியோ கண்ணாடிபோல் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பைக் கண்டவுடன் பாட்டன் கற்ற பாடம் பேரனுக்கு மறந்துவிடுகிறது.

விலை ஏன் ஒரு லட்சம் குறைவு? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, ‘இனிப் பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது’ என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியால் கைவிடப்பட்ட கார்கள் பல, மறுபடியும் செப்பனிடப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. இவை உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் இத்தகைய கார் மீண்டும் சாலைக்கு வரும்போது அதன் உரிமைப் பத்திரத்திலேயே ‘சால்வேஜ்’, ‘ரீபில்ட்’ போன்ற முத்திரை விழும். 1992ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி இம்முத்திரைகளைத் தொகுத்துக் காட்டும் தேசியப் பதிவேடும் அங்கே ஏற்பட்டது. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் இத்தகைய கார்களை நான்கு எழுத்துக்களால் வகைப்படுத்துகின்றனர். ‘ஏ’, ‘பி’ இரண்டும் சாலைக்குத் திரும்பக் கூடாதவை. ‘எஸ்’ என்றால் கூடு பழுதடைந்தது. ‘என்’ என்றால் கூட்டுக்குச் சேதமில்லாதது.

நம் நாட்டிலோ பதிவுச் சான்றில் இப்படியொரு முத்திரையிடும் வழக்கம் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வண்டி அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் கட்டுப்படியாகாத வண்டி வேறு, பயனற்ற வண்டி வேறு. ஆகையால் இன்ஷ்யூரன்ஸ் கணக்கில் இறந்துபோன கார், போக்குவரத்து அலுவலகக் கணக்கில் உயிரோடிருக்கக் கூடும். இந்த இடைவெளியில்தான் வாங்குபவருடைய பணமும் சில சமயம் உயிரும் சிக்கிக்கொள்கின்றன.

இன்ஷ்யூரன்ஸ் கணக்கைச் சற்று விளங்கிக்கொள்வோம். பாலிசியில் காருக்கு ஒரு மதிப்பு குறித்திருப்பார்கள். ஐ.டி.வி. என்பது அதன் சுருக்கப் பெயர். பழுது பார்க்கும் செலவு அம்மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டுமானால் அதை முழு நஷ்டமாகக் கருதுவது நம் நாட்டு மோட்டார் பாலிசிகளின் வழக்கம். உதாரணமாக, 5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள காருக்குப் பழுதுச் செலவு 4¼ லட்சம் என்று சர்வேயர் மதிப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவிகிதம் என்பது 3¾ லட்சம். செலவு அதைத் தாண்டிவிட்டது. கம்பெனி உரியவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, நொறுங்கிய காரை ஏலத்தில் 1½ லட்சத்துக்கு விற்கிறது. ஏலம் எடுத்தவர் மேலும் 1½ லட்சம் செலவழித்து அதைப் பளபளப்பாக்கி 4 லட்சத்துக்கு உங்களிடம் விற்கிறார்.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். முறையாகச் செய்தால் 4¼ லட்சம் பிடிக்கும் வேலையை அவர் எப்படி 1½ லட்சத்தில் முடித்தார்? கூலி குறைவு, பழைய உதிரிப் பாகம் என்று ஓரளவு சமாதானம் சொல்லலாம். மீதமுள்ளது செய்யாமல் விட்ட வேலை. வெடித்த காற்றுப்பைக்குப் பதில் புதியது வைக்காமல் உறையை மட்டும் ஒட்டியிருக்கலாம். வளைந்த சட்டத்தை மாற்றாமல் அடித்து நிமிர்த்தி மேலே பட்டி பூசியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆனால் வளைந்த சட்டத்தைப் பெயின்டில் மறைக்க முடியும்.

இது எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் காரின் அமைப்பை அறிய வேண்டும். இக்காலத்துக் கார்களின் முன்பகுதியும் பின்பகுதியும், மோதும்போது மடங்கி நசுங்கி, அந்த வேகத்தைத் தாமே உட்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. உள்ளே இருப்பவர்களைக் காக்கவே அவை மடங்குகின்றன. ஒருமுறை மடங்கிய தகட்டை நிமிர்த்திவிட்டால் தோற்றம் திரும்பும். பழைய வலிமை திரும்பாது. அடுத்த மோதலில் அது எங்கே, எப்படி மடங்கும் என்று சொல்ல இயலாது. இருக்கையைத் தாங்கும் தளம், கூரையைத் தாங்கும் தூண்கள், இஞ்சினைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றுள் ஒன்று பழுதடைந்திருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுவதே அறிவுடைமை.

வெள்ளத்தில் மூழ்கிய கார் இன்னும் பொல்லாதது. 2005 ஜூலை 26ஆம் நாள் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2022 செப்டம்பரில் பெங்களூரும், 2023 ஜூலையில் தில்லியின் யமுனைக் கரையும் வெள்ளம் கண்டன. இத்தகைய ஒவ்வொரு வெள்ளத்திலும் ஏராளமான கார்கள் நீரில் நிற்கின்றன. வெள்ளம் கண்ட ஊரில் அவற்றை விற்பது கடினம். வெள்ளத்தைப் பற்றி யாரும் நினைக்காத வேற்று மாநிலத்தில் விற்பது எளிது. வேற்று மாநிலத்தில் வாழும் நாம் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

அடிபட்ட காரின் குற்றம் ஓரிடத்தில் நிற்கும். நனைந்த காரின் குற்றமோ எங்கும் பரவும். இக்காலக் காரில் பிரேக், காற்றுப்பை, இஞ்சின் எல்லாம் மின்னணுக் கருவிகளின் ஆணைப்படி இயங்குகின்றன. சேற்று நீர் புகுந்த மின்கம்பி இணைப்புகள் மெல்ல மெல்ல அரிக்கும். வாங்கிய அன்று ஒழுங்காக ஓடும் கார், எட்டு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றுபோகலாம். ஆகவே வெள்ளத்தில் மூழ்கியது என்று தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் காகிதம், பிறகு வண்டி.

பதிவுச் சான்றின் மூலத்தைக் கேளுங்கள். அதிலுள்ள சாசி எண்ணையும் இஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நொறுங்கிய காரின் காகிதங்களை வாங்கி, அதே வகையான திருட்டுக் கார் ஒன்றில் அந்த எண்ணைப் பொறித்து விற்கும் மோசடியும் நாட்டில் உண்டு. எண்ணைச் சுற்றி அராவிய தழும்போ புதுப் பற்றவைப்போ தென்பட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். போலீசார் பறிமுதல் செய்தால் காரும் போகும், பணமும் போகும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில், எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை உண்டா, இன்ஷ்யூரன்ஸ் எதுவரை என்பவற்றைப் பார்க்கலாம்.

அடுத்து, பழைய பாலிசிகளைக் கேளுங்கள். நஷ்டஈடு கோராத ஆண்டுகளுக்குப் போனஸ் என்ற சலுகை உண்டு. முதலாண்டுக்கு 20 சதவிகிதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 சதவிகிதம் வரை உயரும். ஒரே உரிமையாளரிடம் ஐந்தாண்டு ஓடிய காரின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். பாலிசி இடையில் விட்டுப்போயிருக்கலாம். பெரிய விபத்தும் நேர்ந்திருக்கலாம். அந்தக் காரைத் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்கு விற்பவரையே உடனழைத்துச் சென்றால், அங்கே செய்த பழுது வேலைகளின் வரலாற்றையும் கேட்டறியலாம்.

இனி வண்டி. பகல் வெளிச்சத்தில், மழை பெய்யாத நாளில் பாருங்கள். கதவுகளுக்கும் பானெட்டுக்கும் இடையேயுள்ள சந்து இருபுறமும் ஒரே அளவாக இருக்கிறதா? துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஒட்டாமல் வழுக்கினால் அங்கே பட்டி கனமாக இருக்கலாம். பானெட்டைப் பிணைக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் அவை கழற்றி மாட்டப்பட்டவை. கண்ணாடிகளில் பொறித்துள்ள ஆண்டுக் குறியீடுகளை ஒப்பிடுங்கள். சாவியைத் திருப்பியவுடன் காற்றுப்பை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் எதையோ மறைத்திருக்கிறார்கள்.

இருக்கை வாரை முழு நீளமும் இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அது வெள்ளத்தின் கையெழுத்து. கால்மிதியைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் இருக்கைத் தண்டவாளத்தின் துருவையும் கவனியுங்கள். காருக்குள் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் மகிழ வேண்டாம். எந்த நாற்றத்தை மறைக்கிறது என்று கேளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு, தரகருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கூலி கொடுத்து வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சில ஆயிரம் ரூபாய் வீண் செலவாகாது.

அப்படியானால் அடிபட்ட கார் எதையுமே வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்வதும் நியாயமல்ல. பத்தாண்டு ஓடிய காரின் மதிப்பு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 சதவிகிதம் 90,000 ரூபாய்தான். பானெட், பம்பர், ரேடியேட்டர், இரண்டு முன்விளக்கு ஆகியவற்றைப் புதிதாக மாற்ற 95,000 ரூபாய் ஆனால், அதுவும் முழு நஷ்டக் கணக்கில் சேரும், கூட்டுக்கோ சேதமில்லை. ஆகவே முழு நஷ்டம் என்ற சொல்லை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறக் கூடாது. மதிப்பு மிகுந்த புதுக் கார் முழு நஷ்டமானால் அடி பலமானது. மதிப்புக் குறைந்த பழைய கார் முழு நஷ்டமானால் அடி சிறியதாகவும் இருக்கலாம்.

விற்பவர் உண்மையைத் தாமாகவே சொல்லி, சர்வேயரின் அறிக்கை, பழுது பார்ப்பதற்கு முன் எடுத்த படங்கள், மாற்றிய பாகங்களின் ரசீது மூன்றையும் காட்டினால் யோசிக்கலாம். கூடு பழுதாகவில்லை என்று உங்கள் மெக்கானிக்கும் உறுதி சொல்ல வேண்டும். விலையும் நன்கு குறைய வேண்டும். நாளை நீங்கள் விற்கும்போதும் இதே உண்மையைச் சொல்லிக் குறைந்த விலைக்கே விற்க நேரும் அல்லவா? பணம் கொடுப்பதற்கு முன், வண்டியின் வரலாற்றைச் சொல்லி, சொந்தச் சேதத்துக்கும் பாலிசி தருவீர்களா என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் பதில் பெறுங்கள். மறைத்து எடுத்த பாலிசி அவசரத்துக்கு உதவாது.

வாங்குவதென்று முடிவானால், சட்டப்படியான தவணைகளைத் தவற விடாதீர்கள். உரிமை மாற்றத்தை வாங்கியவர் 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். இன்ஷ்யூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவெண் கொண்ட வண்டியாயின், அங்கிருந்து ஆட்சேபமில்லாச் சான்று தேவை. புதிய மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண்ணும் பெற வேண்டும். அதற்கான சாலை வரியையும் காரின் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது மலிவாக இராது. தில்லியைப் போன்ற நகரங்களில் வண்டியின் வயது பற்றிய விதிகளையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மொழி தெரியாத ஊரில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடுவது பெருந்தவறு. அம்மொழி படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘விபத்திலோ வெள்ளத்திலோ சிக்காத வண்டி’ என்று வியாபாரியிடம் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. அந்தச் சான்றையும் கேளுங்கள். வியாபாரி ஏமாற்றினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். சொந்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழிகாட்டும்.

எழுதித் தர மறுப்பவரிடம் வாதாட வேண்டாம். அவர் மறுப்பதே போதிய விடை. வணக்கம் சொல்லி விடைபெறுங்கள். அந்தக் காரில் நாளை ஏறப்போகிறவர்கள் உங்கள் குழந்தைகள். சந்தையில் வேறு கார்கள் எவ்வளவோ இருக்கின்றன.