உடைந்த கப்பலில் பாதி

காரைநகருக்குப் போகும் பாதைக்காக ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்றுகொண்டிருந்தேன். கடலைக் கடக்கும் அந்த மிதவைக்கு எங்கள் சனம் வைத்த பெயர்தான் பாதை. அது அக்கரையில் நின்றால் இக்கரைக்காரருக்குப் பாதையே இல்லை. கூப்பிடு தூரத்தில் காரைநகர், இடையில் தண்ணீருக்குள் கடற்கோட்டை. பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான்.

கல்லிடுக்கில் ஒரு வலைத்துண்டு சிக்கிக் கிடந்தது. நீல மிதப்புகள் இரண்டு அதில் இன்னும் கட்டியிருந்தன. பத்து வயதுப் பொடியன் ஒருவன் அதை இழுத்தெடுத்து மிதப்புகளை அவிழ்க்கத் தொடங்கினான். நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே சொன்னார்:

"தம்பி, அது ஆற்றையோ வலை. வை."

"கடலிலை வந்ததுதானே அப்பு?"

"கடலோடா வலை முடிஞ்சது?"

இந்தக் கேள்வியைத்தான் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரசனும் கேட்டிருக்கிறான். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும் என்கிறது. ஊராத்துறை என்பது இந்த ஊர்காவற்றுறைதான். பிறகு உடைந்த கப்பல்களைப் பற்றிப் பேசுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் சரிபாதி.

அந்தக் கல்வெட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனிதன்மேல் ஒரு பரிவு வருகிறது. யானையும் குதிரையும் தனக்கு விருப்பமானவை என்பதை அரசன் மறைக்கவில்லை. தேவைப்படுகிறவனிடம் நாம் கொஞ்சம் கூடுதலாகவே நியாயமாக நடந்துகொள்கிறோம். குதிரை கொண்டுவருகிறவன் நாளைக்கும் வர வேண்டும். புடவை கொண்டுவருகிறவன் வராவிட்டால் இன்னொருவன் வருவான். அரசனுடைய இந்தக் கணக்கு நம் வீட்டுத் திண்ணையிலும் நடக்கிறது. ஆனாலும் பாதியையாவது திருப்பிக் கொடு என்று கல்லில் வெட்டியது பெரிய காரியம். கரையொதுங்கியது முழுவதும் கரைக்காரனுக்கே என்று உலகத்தில் பல துறைமுகங்கள் நினைத்திருந்த காலம் அது.

நூறு ஆண்டு ஆவதற்குள்ளேயே, 1244இல், ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய கணபதிதேவன் இன்னும் ஒரு படி மேலே போனான். முந்திய அரசர்கள் புயலில் உடைந்த கப்பலின் சரக்கையெல்லாம் பறித்தார்கள், நாங்கள் குறித்த சுங்கத்தைத் தவிர எதையும் தொடமாட்டோம் என்று கல்லில் எழுதினான். உயிரைவிடப் பொருள் பெரிது என்று எண்ணிக் கடலேறி வருகிறவர்கள்மேல் கருணை வைத்ததாக அவனே காரணமும் சொல்கிறான். அந்தக் காரணத்துக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

உடைவது கப்பல் மட்டுமா? 1990இல் சண்டை வந்து தீவுப்பகுதிச் சனம் வெளிக்கிட்டபோது வீடுகள் அப்படியே உடைந்த கப்பல்களாயின. அம்மம்மா திறப்பை மடியில் முடிந்துகொண்டு போனார். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது அந்தத் திறப்புக்குக் கதவில்லை. நிலையில்லை. கூரையில் ஓடில்லை. கிணற்றுக்கட்டில் ஆல் முளைத்திருந்தது. அம்மம்மா அழவில்லை. "சனத்துக்கும் விறகு வேணும்தானே" என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார் என்றுதான் நான் இன்றுவரை நம்புகிறேன்.

மூன்றாம் நாள் பின்னேரம், நாங்கள் கிடுகு வேய்ந்துகொண்டிருந்தபோது, இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த ஒரு பெண் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகனின் சைக்கிள் கரியரில் சாக்கு விரித்து ஒரு அம்மி கட்டியிருந்தது. இறக்கி வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தபடி நின்றார்.

"ஆச்சி, இது உங்கட அம்மி. இவ்வளவு நாளும் நாங்கள் பாவிச்சனாங்கள். குழவியை மட்டும் துலைச்சுப்போட்டம்."

அம்மம்மா குனிந்து அம்மியின் நடுவைத் தடவிப் பார்த்தார். முன்னைவிடக் கொஞ்சம் குழிந்திருந்தது.

"இருங்கோ பிள்ளை," என்றார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."