வலிமை குறைந்த அமிலங்களும் வாளாவிருக்கலாகாத அபாயங்களும்

புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும், மோரைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமிலமும் நித்தமும் நம் உணவோடு கலந்து ஊறு விளைவிக்காமல் பழகிவிட்டபடியால், ரசாயன நூல்கள் வலிமை குறைந்தவை என்று வகுத்துள்ள அமிலங்கள் யாவுமே தீங்கற்றவை என்னும் எண்ணம் கற்றவரிடத்தும் வேரூன்றியிருக்கிறது. கண்ணையும் தோலையும், சில சமயங்களில் உயிரையுமே பறிக்கக்கூடிய பிழையான எண்ணம் அது.

நீரில் கரைந்தவுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் மூலக்கூறுகள் ஏறக்குறைய முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன. அசெடிக் அமிலமோ, 0.1 மோலார் கரைசலில், நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவாகவே பிரிகின்றது. ஆதலால் அதே செறிவில் முன்னதன் பி.எச். மதிப்பு 1 ஆகவும், பின்னதன் மதிப்பு சுமார் 2.9 ஆகவும் இருக்கின்றன. ஆயினும் பிரியாமல் நிற்கும் மூலக்கூறுகள் மறைந்துபோகவில்லை. வெளிவந்த ஹைட்ரஜன் அயனிகள் செலவாகச் செலவாக அவை மேலும் மேலும் பிரிந்து வருகின்றமையால், சம அளவும் சம செறிவும் உள்ள இவ்விரு கரைசல்களையும் நடுநிலையாக்கச் சம அளவு காரமே தேவைப்படுகின்றது. வலிமை என்பது பிரிகையின் விகிதம். செறிவு என்பது கரைசலில் அடங்கிய அமிலத்தின் அளவு. வினிகரில் நூற்றுக்கு நான்கைந்து பங்காக இருந்து உணவுக்கு உதவுகிற அதே அசெடிக் அமிலம், நீரின்றி, 16.6 பாகை செல்சியஸில் உறைகின்ற கிளேசியல் அசெடிக் அமிலமாக நிற்கும்போது, தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். அதன் ஆவி தீப்பற்றவும் கூடும்.

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் பாலை உறையவைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலமும் இவ்வகையினதே. செறிவான நிலையில் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு விளைக்கும். கண்ணாடியைச் செதுக்கவும் துருவை நீக்கவும் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, வலிமை குறைந்த அமிலமாகவே இருந்தும், தொடக்கத்தில் வலியும் தெரியாதபடி தோலினுள் ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, இதயத்தையே நிறுத்திவிட வல்லது. ப்ளீச்சிங் பவுடரோடு வினிகரைக் கலந்தாலும், மூச்சைத் திணறவைக்கும் குளோரின் வாயு எழும். ஈயப் பூச்சு தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்திருந்தால் தாமிரம் உணவில் இறங்கும்.

அமிலம் மேலே பட்டால், நனைந்த உடையைக் களைந்து, ஓடுகின்ற நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுதலே முதற் சிகிச்சை. சோடா உப்பையோ சுண்ணாம்பையோ தேய்க்கலாகாது. சுண்ணாம்பினால் எழுகின்ற வெப்பம் புண்ணை மிகுவிக்கும். விழுங்கியவரை வாந்தியெடுக்கத் தூண்டலாகாது. 108 ஆம்புலன்ஸை அழைத்து, அமிலப் புட்டியையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாயின், கால்சியம் குளுகோனேட் களிம்பு வேண்டியிருத்தலால், அதன் பெயரை மருத்துவரிடம் உடனே சொல்லுதல் அவசியம்.

சட்டம் இவ்விஷயத்தில் மக்களுக்குத் துணை நிற்கிறது. அசெடிக் அமிலத்திலிருந்து தயாரித்த செயற்கை வினிகரை, அவ்வாறே சீட்டில் குறிப்பிட்டுத்தான் விற்க வேண்டும். பொருளின் தன்மையை அறிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை, குறை நேர்ந்தால் 1915 என்னும் எண்ணில் முறையிடலாம். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வாங்குவோரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதாமலும், அடையாள அட்டையைப் பாராமலும், 18 வயது நிரம்பாதோர்க்கும் அமிலம் விற்கலாகாது என்று ஆணையிட்டதோடு, அமில வீச்சுக்கு ஆளானவர்க்குக் குறைந்தது 3 லட்ச ரூபாய் இழப்பீடும் விதித்தது. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 124-ஆம் பிரிவு, வடுவோ ஊனமோ விளைவிக்கவல்ல அரிக்கும் பொருள் எதையும் அமிலமாகவே கருதுகிறது. வலிமை குறைந்த அமிலத்தை வீசினேன் என்று குற்றவாளி தப்ப இயலாது, காயம் விளைவித்திருந்தால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை அவனுக்குண்டு. பாதிக்கப்பட்டவர்க்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றி உடனே சிகிச்சையளிக்கக் கடமைப்பட்டவை. மறுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

ஆகவே, அமிலத்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றிவைக்கும் வழக்கத்தை இன்றே ஒழித்து, பெயரும் செறிவும் எழுதிய சீட்டில்லாத எந்தப் புட்டியையும் கடையிலேயே மறுத்துவிடுவதைக் குடும்பத்தார் அனைவரும் ஒரு விரதமாகக் கொள்ளவேண்டும்.