கார் விலை இறங்கும், இன்ஜினை இறக்கும் கூலி இறங்காது

லண்டனுக்கு வெளியே ஒரு வீட்டு கராஜில் 1996-ஆம் ஆண்டு ஃபெராரி எஃப்355 ஒன்று விலைக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு நிறம். இத்தனை வருடத்தில் 18,000 மைல்தான் ஓடியிருக்கிறது. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுத்து, திரும்பி வந்ததும் துடைத்து, போர்வை போர்த்தி வைத்திருந்தார்கள். ஓட்டம் குறைவாக இருந்தால் நல்ல வண்டி என்று நம்பும் நமக்கு, இதைவிட நல்ல செகண்ட் ஹேண்ட் கார் கிடைக்காது என்றுதான் தோன்றும். இந்த ரகக் கார்களில் பழகிய மெக்கானிக்கோ மைல் கணக்கைப் பார்க்கவே மாட்டார். அவருடைய முதல் கேள்வி: "பெல்ட் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

அந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தச் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெராரி, மசெராட்டி, போர்ஷே, லோட்டஸ் போன்ற கார்கள் புதிதாக இருக்கும்போது கண்ணால் மட்டும் பார்க்கக்கூடிய விலையில் இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் சில மாடல்கள் சரசரவென்று இறங்கி, நடுத்தரச் சம்பளக்காரர் வாங்கும் புதுக் குடும்பக் கார் விலைக்கே வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், இறங்குவது காரின் விலை மட்டும்தான். அதன் பிரேக் டிஸ்க், ரேடியேட்டர், கிளட்ச் எல்லாம் இன்னும் பணக்காரக் காரின் உதிரிபாகங்கள். யானை பாதி விலைக்குக் கிடைக்கலாம், தீனிக்குத் தள்ளுபடி கிடையாது. ஆகவே கையில் இருக்கும் பணத்துக்கு எந்தக் கார் என்று கேட்பவர் பார்க்க வேண்டியது இன்ஜின் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதற்குள் எந்தச் சின்னச் சாமான் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை.

இப்போது பெல்ட். எஃப்355-இன் வி8 இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 5 வால்வுகள், மொத்தம் 40. பெயரிலேயே அது இருக்கிறது: 3.5 லிட்டர், 5 வால்வு. இன்ஜின் நிமிடத்துக்கு 8,500 சுற்று வரை போகும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றுவதால், உச்சத்தில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 70 தடவை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். இந்தத் தாளத்தைக் காப்பாற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட்கள். பெல்ட் அறுந்தாலோ சில பல் தாண்டினாலோ, திறந்திருக்கும் வால்வுகளின் மேல் பிஸ்டன் போய் மோதும். வால்வு வளையும், பிஸ்டனும் அடிபடும். காரின் விலையில் பெரும் பங்கை விழுங்கும் செலவு அது.

ரப்பருக்கு மைல் கணக்கு தெரியாது. ஓடினாலும் சும்மா நின்றாலும் அதற்கு வயதாகும். அதனால்தான் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். போர்வைக்குள் படுத்திருந்த 18,000 மைல் கார் இங்கேதான் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. "ஓடவே இல்லையே, எதற்கு மாற்றணும்?" என்று உரிமையாளர் தள்ளிப்போட்டிருந்தால், நாம் வாங்குவது காரோடு சேர்த்து அந்தக் கடனையும்.

பெல்ட் என்ன, மாற்றிவிட்டால் போயிற்று என்று நினைக்கலாம். அது இருக்கும் இடம்தான் வினை. எழுபதுகளின் 308, அதன் பின் வந்த 328 ஆகியவற்றில் இன்ஜின் காருக்குக் குறுக்காக இருந்தது. பெல்ட் பக்கவாட்டில் வந்தது, பின்சக்கரத்துப் பக்கமாகக் கையை விட்டு வேலை பார்க்க முடிந்தது. 1989-இல் வந்த 348-லும் அடுத்து வந்த எஃப்355-லும் இன்ஜினை நீளவாக்கில் திருப்பிவிட்டார்கள். எடை தாழ்வாக உட்கார்ந்தது, கார் இன்னும் நன்றாகத் திரும்பியது. ஆனால் பெல்ட் நேராக சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு தகரச் சுவர், கை நுழைய இடமில்லை. ஆகவே பெல்ட் மாற்ற வேண்டுமானால் இன்ஜினை இறக்க வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், பின்பக்கச் சட்டம் எல்லாம் ஒரே மூட்டையாகக் கீழே நிற்க, காரின் உடம்பு மட்டும் லிஃப்டில் மேலே போகும். பார்க்க அழகான காட்சி. பில்லைப் பார்க்காதவரை.

ஒருமுறை இறக்கிவிட்டால் வேலை பெல்ட்டோடு நிற்காது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆளைக் கூப்பிட்டு ஓடு மாற்றுவதில் முடிகிற கதைதான். தண்ணீர்க் குழாய்கள் பழசாகியிருக்கும், டென்ஷனர் பேரிங் ஓசை போடும். இந்த மாடலுக்கே உரிய நோயான விரிசல் விட்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கண்ணில் படும். ஆரம்ப கால எஃப்355-களில் வால்வு கைடுகள் சீக்கிரம் தேய்ந்தன என்பது வேறு தலைவலி. இன்ஜின் வெளியே இருக்கும்போது செய்யாவிட்டால் மறுபடி இறக்க வேண்டுமே என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவீர்கள்.

ஃபெராரிக்கும் இது தெரியாமல் இல்லை. 1999-இல் வந்த 360 மொடேனாவில் சீட்டுக்குப் பின்னால் ஒரு கதவு வைத்தார்கள். அதைக் கழற்றினால் பெல்ட் தெரியும், இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கும். 2004-இன் எஃப்430-இல் பெல்ட்டையே ஒழித்துவிட்டு இரும்புச் சங்கிலி போட்டார்கள். பராமரிக்க எளிது என்ற கணக்கில் பார்த்தால் 360-க்குத்தான் அதிக விலை இருக்க வேண்டும். சந்தையில் மேனுவல் கியர் உள்ள நல்ல எஃப்355 அதைத் தாண்டி நிற்கிறது. அழகு, சத்தம், கைக்குக் கிடைக்கும் உலோகக் கியர் நெம்புகோல். இந்தப் பித்து எனக்கும் புரிகிறது. பட்ஜெட் போட்டு வாங்குபவர் மட்டும் அதற்கு ஆளாகக் கூடாது.

சங்கிலி போட்ட அந்த இன்ஜின் குடும்பம் முதலில் அறிமுகமானது ஃபெராரியில் அல்ல, மசெராட்டியில். அப்போது மசெராட்டி ஃபெராரியின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2002-இல் வந்த மசெராட்டி கூபேயின் 4.2 லிட்டர் வி8-ஐ மரனெல்லோவில் உள்ள தன் ஆலையில் ஃபெராரிதான் செய்தது. நான்கு பேர் உட்காரலாம், தோல் வாசனை கமகமக்கும். இன்று பிரிட்டனில் ஃபெராரி 360-இன் விலையில் சின்னப் பங்குக்கே கிடைக்கும். அப்படியானால் இதுவே போதுமே?

பெரும்பாலான மசெராட்டி கூபேக்கள் 'காம்பியோகோர்சா' என்ற கியர் அமைப்போடு விற்கப்பட்டன. கிளட்ச் பெடல் கிடையாது. ஸ்டீயரிங் பின்னால் உள்ள காதைத் தட்டினால், ஹைட்ராலிக் பம்பு கிளட்சை மிதிக்கும், கணினி கியரை மாற்றும். திறந்த சாலையில் சுகம். ஆனால் உள்ளே இருப்பது சாதாரண ஒற்றைக் கிளட்ச்தான். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போதும், மேட்டில் பின்னால் எடுக்கும்போதும் அது வழுக்கி வழுக்கித் தேயும். மேனுவல் காரில் இந்தத் தேய்மானம் ஓட்டுநரின் இடது காலுக்குத் தெரியும், இங்கே கணினிக்கு மட்டுமே தெரியும். நல்ல விஷயம், அந்தக் கணினி பொய் சொல்லாது. தகுந்த கருவியை மாட்டினால் கிளட்ச் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று காட்டும். அந்த அளவைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் பேசிப் பயனில்லை. முதல் தலைமுறை லம்போர்கினி கயார்டோவின் இ-கியருக்கும் இதே பாடம்தான், பில் மட்டும் இன்னும் பெரிது.

இனி போர்ஷே. குறைந்த பணத்தில் ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். அதற்குக் காரணமும் ஒரு சின்ன இரும்புச் சாமான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போர்ஷே திவாலின் விளிம்பில் நின்றது. செலவைக் குறைக்க ஜப்பானிலிருந்து, டொயோட்டாவின் முறைகளில் ஊறிய ஆலோசகர்களை ஸ்டுட்கார்ட்டுக்கு வரவழைத்தார்கள். ஒரே முன்பாகத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு கார்களைத் திட்டமிட்டார்கள். 1996-இல் வந்த மலிவான பாக்ஸ்டர் ஒன்று, அடுத்த ஆண்டு வந்த 996 என்ற புது 911 மற்றொன்று. அதுவரை காற்றால் குளிர்ந்த 911 முதல் தடவையாகத் தண்ணீரால் குளிர்ந்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். முகப்பு விளக்கோடு மஞ்சள் இண்டிகேட்டரும் ஒரே கண்ணாடிக்குள் வழிந்து நின்றதால், பொரித்த முட்டை என்று கேலி செய்தார்கள். நம்மூர் என்றால் ஆஃப்பாயில் என்றிருப்போம். அந்த ஆஃப்பாயில்தான் இன்றும் 996-ஐ 911 குடும்பத்திலேயே மலிவாக வைத்திருக்கிறது.

கேலியைவிடக் கனமான பிரச்சினை உள்ளே இருந்தது. இந்த இரண்டு கார்களின் இன்ஜினிலும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் நேரடியாகக் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றாது. கீழே ஒரு இடைத்தண்டைச் சுற்றும், அந்தத் தண்டு சங்கிலிகள் வழியாகக் கேம் ஷாஃப்ட்டுகளைச் சுற்றும். அதன் ஒரு முனையைத் தாங்குவது மூடி போட்ட ஒரு பால் பேரிங். உள்ளே அடைத்த கிரீஸ் நாளடைவில் கரைந்து போனால் குண்டுகள் தேயும், இரும்புத் துகள் எண்ணெயில் கலக்கும், கடைசியில் பேரிங் சிதறும். தண்டு இடம் மாறினால் வால்வுகளின் தாளம் போய்விடும். முடிவு, பெல்ட் அறுந்த ஃபெராரியின் அதே முடிவு.

அமெரிக்காவில் இதற்காகக் கூட்டு வழக்கு நடந்து 2013-இல் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கில் வெளிவந்த கணக்குதான் இன்றும் எல்லோரும் சொல்வது: முதலில் போட்ட இரட்டை வரிசை பேரிங்குகளில் பழுது சுமார் ஒரு சதவீதம், 2000-ஐ ஒட்டி அதற்குப் பதிலாக வந்த ஒற்றை வரிசை பேரிங்குகளில் சுமார் 8 சதவீதம். புது மாடல் பழையதைவிட நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது.

நூற்றில் எட்டு என்றால் தொண்ணூற்றிரண்டு நன்றாக ஓடுகிறதே! ஆனால் பயம் சதவீதம் பார்ப்பதில்லை. அந்தப் பயமும் விலையைக் கீழே தள்ளியது, புத்தியுள்ளவருக்கு வாய்ப்பும் அதுவே. பேரிங் இருப்பது ஃப்ளைவீலுக்குப் பின்னால். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போது இதையும் சேர்த்து மாற்றிவிடலாம். எப்படியும் இறக்கித்தானே ஆக வேண்டும். ஃபெராரியில் இன்ஜினை இறக்கும் வேலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆகவே தேட வேண்டியது, கிளட்சும் பேரிங்கும் மாற்றியதற்கு பில் உள்ள 996 அல்லது பாக்ஸ்டர். பில் இல்லையென்றால், அந்தச் செலவைக் காரின் விலையில் கழித்துக் கேட்கலாம். 2005-க்குப் பிறகு சில வருடங்கள் பெரிய பேரிங் போட்டார்கள். உறுதியானதுதான், ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலிலிருந்து இடைத்தண்டே இல்லாத புது இன்ஜின் வந்து தகராறு தீர்ந்தது.

ஹோண்டா என்எஸ்எக்ஸை விட்டுவிட்டால் அதன் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1990-இல் வந்த, முழுக்க அலுமினியத்தில் செய்த உடம்பு. டைட்டானியம் கனெக்டிங் ராடுகள். சோதனை ஓட்டத்தில் பந்தய வீரர் அயர்டன் சென்னா. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மர்ரே அளவுகோலாக வைத்துக்கொண்ட கார் அது. ஃபெராரியோடு போட்டியிட்டும் ஹோண்டா போலவே உழைத்தது. ஒரு காலத்தில் இந்தக் கட்டுரைக்கு ஒற்றை வரியில் விடை அதுவாகத்தான் இருந்திருக்கும். உலகம் அதைக் கண்டுகொண்டது, விலை ஏறிவிட்டது, பட்ஜெட் பட்டியலிலிருந்து போய்விட்டது. அவ்வளவுதான்.

லோட்டஸ் எலீஸ் வேறு ஜாதி. 1996-இல் வந்தபோது எடை 750 கிலோவுக்கும் குறைவு. அலுமினியச் சட்டத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கனமே இல்லாததால் டயரும் பிரேக்கும் மெதுவாகத்தான் தேயும். முதலில் போட்ட ரோவர் இன்ஜினுக்கு ஹெட் கேஸ்கட் போகும் கெட்ட பெயர் உண்டு. பின்னால் டொயோட்டா இன்ஜின் வந்தது, கவலை குறைந்தது. உயரமானவர்கள் வாங்குவதற்கு முன் கூரை மாட்டி ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்க்கட்டும்.

என்னைக் கேட்டால், பேரிங் மாற்றிய பாக்ஸ்டர் எஸ். 911-இன் இன்ஜினேதான், கொஞ்சம் சின்னதாக. அது இருப்பதும் காரின் நடுவில். 'ஏழை வீட்டு போர்ஷே' என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

எதை வாங்கினாலும் சில காரியங்களை உட்கார்ந்து செய்ய வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும். நடிகர் பால் வாக்கர் 2013-இல் இறந்த போர்ஷே கரேரா ஜிடி-யின் டயர்கள் ஒன்பது வயதானவை. அளவுக்கு மீறிய வேகமே விபத்துக்குக் காரணம் என்று சொன்ன காவல்துறை விசாரணை, டயரின் வயதையும் குறித்து வைத்தது. போர்ஷேயானால் கணினியில் இன்னொரு கணக்கும் கிடைக்கும். ஐந்திலிருந்து நான்குக்குப் போக வேண்டிய கை தவறி இரண்டில் விழுந்தால், சக்கரமே இன்ஜினை எல்லை தாண்டிச் சுற்றும். அப்படி நடந்ததா, கடைசியாக இன்ஜினின் எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்று அது எழுதி வைத்திருக்கும். எண்ணெய் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்க்கும் மெக்கானிக் கிடைத்தால் அவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் பேச ஆரம்பித்துவிட்டது.

பார்க்க வருவதாகச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். வணக்கம் சொல்லி, பேச்சுக் கொடுத்தபடியே இன்ஜின் மூடியின் மேல் கையை வையுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் தடவை எழும்போதுதான் சங்கிலியின் கிலுகிலுப்பும் நீலப் புகையும் வெளியே வரும். மூடி சூடாக இருந்தால், உங்களுக்காக யாரோ காலையிலேயே அதை எழுப்பி, ஓசை அடங்கும் வரை ஓட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.