நீலத் திரையா? பதற வேண்டாம்!

வத்திராயிருப்பில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும் மகள் மடிக்கணினியைத் திறக்கிறாள். திரை முழுவதும் நீலம்!

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும்" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மகள் கண் கலங்குகிறாள். மூன்று ஆண்டுப் பாடக் குறிப்புகள் அதில்தானே இருக்கின்றன!

பதற வேண்டாம். விண்டோஸ், கணினிக்கு மேஸ்திரி மாதிரி. மேஸ்திரி படுத்துவிட்டால் வேலை நிற்கும். கிடங்கில் உள்ள சரக்கு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

2024 ஜூலை 19-ந் தேதி உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் இப்படித்தான் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் விமானம் ஏறும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! காரணம், ஒரே ஒரு பழுதான கோப்பு. 'சேப் மோட்' முறையில் கணினியைத் திறந்து, அதை மட்டும் நீக்கினார்கள். கணினி எழுந்துவிட்டது.

வீட்டிலும் செய்யலாம். விண்டோஸ் கிளம்பும்போதே பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இரண்டு, மூன்று தடவை இப்படிச் செய்தால் பழுது பார்க்கும் திரை வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என்று வரிசையாகப் போய், 4-ஐ அழுத்தினால் 'சேப் மோட்' திறக்கும். உடனே குறிப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பாடம், பிறகுதான் பழுது!