பிஸ்கட் மெத்தை

இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தில், ஒரு விமானதளத்துக்கு வேலைக்கு வந்து சேரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்ணை முதலில் மிரட்டியது ஜெர்மன் குண்டு அல்ல, மெத்தை. இரும்புக் கட்டிலின் மேல் மூன்று சதுரத் துண்டுகளைக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ‘பிஸ்கட்’. மூன்றையும் வரிசையாக வைத்துப் படுத்தால் நடுராத்திரியில் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். இடைவெளி வழியாகக் குளிர் முதுகில் ஏறும். காலையில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கம்பளியை மூலை பிசகாமல் மடித்து வைக்க வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார்.

‘வாஃப்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மகளிர் துணை விமானப்படை, போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1939 ஜூன் மாதம் உருவானது. தொடக்கத்தில் எல்லோருக்கும் சீருடைகூடக் கிடைக்கவில்லை. மழைக்கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் உண்டு. சமையல், எழுத்து வேலை, வண்டி ஓட்டுவது என்று ஆரம்பித்து, பாராசூட் மடிப்பது, ரேடார் திரையைக் கவனிப்பது, விமான எஞ்சினைப் பழுது பார்ப்பது வரை வேலைகள் விரிந்தன. 1943-ல் இந்தப் படையில் 1,80,000-க்கும் அதிகமான பெண்கள் இருந்தார்கள். சம்பளம் மட்டும் அதே தரத்து ஆணுக்குக் கிடைத்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பாராசூட்டை மூன்றில் இரண்டு பங்கு மடித்தால் போதும் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

தங்குமிடம் பெரும்பாலும் வளைந்த தகரக் கொட்டகை. நடுவில் ஒரு கரி அடுப்பு. அதன் பக்கத்துக் கட்டில் கிடைத்தவள் அதிர்ஷ்டசாலி. குண்டு விழுந்தால் எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கட்டடங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். அதனால் படுக்கை ஓரிடம், சாப்பாடு வேறிடம், வேலை இன்னோரிடம். நடுவே சேறு. சைக்கிள் இல்லாமல் பிழைப்பு நடக்காது. பணக்கார வீட்டுப் பெண்ணும் ஆலைத் தொழிலாளியின் மகளும் ஒரே அடுப்பில் காலுறை காயவைத்தார்கள்.

குண்டு விழுந்தால் பெண்கள் தாங்குவார்களா என்ற சந்தேகம் மேலதிகாரிகள் பலருக்கு இருந்தது. பதில் 1940 கோடையில், லண்டனுக்குத் தெற்கேயுள்ள பிக்கின் ஹில் போர்விமானத் தளத்தில் கிடைத்தது. ஆகஸ்ட் 30 மாலைத் தாக்குதலில் மட்டும் அங்கே 39 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் தாக்குதல்கள் நடந்தன. ஆயுதக் கிடங்குப் பகுதியில், சுற்றிலும் வெடிபொருள் இருக்க, ஜோன் மார்ட்டிமர் என்ற சார்ஜென்ட் தொலைபேசியை விட்டு நகரவில்லை. பிறகு வெளியே வந்து, வெடிக்காமல் கிடந்த குண்டுகளுக்கு அருகே சிவப்புக் கொடிகளை நட்டுக்கொண்டு போனார். எல்ஸ்பெத் ஹென்டர்சன், ஹெலன் டர்னர் இருவரும் தாங்கள் இருந்த கட்டடத்தின் மேலேயே குண்டு விழுந்து தீப்பிடிக்கும் வரை தொலைபேசி இணைப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் மிலிட்டரி மெடல் கிடைத்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1941 ஏப்ரலுக்கு முன்பு வாஃப் பெண்கள் முழுமையான ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாலும், ஓடிப்போன சிப்பாயைப் போல அவர்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்க முடியாது.

குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய லிங்கன்ஷயர் தளங்களில் பயம் வேறு விதமானது. அங்கே எதிரி வருவதைவிட, கிளம்பியவர்கள் திரும்பி வராமல் போவதுதான் பயம். சாயங்காலம் ஏழேழு பேருடன் லங்காஸ்டர் விமானங்கள் வரிசையாக ஏறும். ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று பெண்கள் கையசைப்பார்கள். பிறகு ராத்திரி முழுக்கக் காத்திருப்பு. கட்டுப்பாட்டு அறையில் ஒரு கரும்பலகை: விமானத்தின் எழுத்து, விமானியின் பெயர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம். கடைசிக் கட்டத்தை நிரப்புவது பெரும்பாலும் ஒரு வாஃப் பெண்ணின் வேலை. திரும்பி வரும் விமானிகளுக்கு வானொலியில் பதில் சொல்வதும் அவளைப் போன்ற ஒருத்திதான். எரிபொருள் எத்தனை மணிக்குத் தீரும் என்ற கணக்கு அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் தாண்டியும் கட்டம் காலியாகவே இருந்தால் யாரும் எதுவும் பேசுவதில்லை.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். முப்பது முறை போய்வந்தால் ஒரு சுற்று முடியும், ஓய்வு கிடைக்கும். முப்பதை எட்டியவர்கள் குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் நடனத்துக்குப் போவதும், சினிமாவுக்குப் போவதும், காதலிப்பதும் நடந்துகொண்டே இருந்தன. புதிதாக வந்தவளுக்குப் பழையவர்கள் கற்றுக்கொடுத்த முதல் பாடம், விமானி யாரிடமும் மனசைக் கொடுத்துவிடாதே என்பதுதான். பெரும்பாலானோர் அந்தப் பாடத்தில் தோற்றார்கள்.

தோற்றவர்களுக்கு இன்னொரு தண்டனையும் காத்திருந்தது. ஒரு பெண்ணோடு பழகிய விமானிகள் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துத் திரும்பாமல் போனால் அவளுக்கு ‘சாப் கேர்ள்’ என்று பெயர் விழும். ‘சாப்’ என்றால் விமானிகளின் பேச்சுவழக்கில் சாவு. நம் ஊரில் ராசியில்லாதவள் என்பார்களே, அதேதான். ரேடாரையும் நட்சத்திரங்களையும் வைத்து இருட்டில் வழி கண்டுபிடிக்கத் தெரிந்த இளைஞர்கள், அந்தப் பெண் உணவுக்கூடத்தில் நுழைந்தால் வேறு மேசைக்குப் போனார்கள். அவளோடு நடனமாட ஆள் வராது. எந்த விமானம் விழும் என்று ஜெர்மன் பீரங்கி தீர்மானித்தது. பழி தேநீர் ஊற்றியவள் மேல் விழுந்தது.

இறந்தவனின் உடைமைப் பெட்டியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் கட்டிலில் மறுநாளே புதுப் பையன் படுப்பான். பெயர் கெட்டுப்போன பெண்ணுக்கோ இருக்கிற ஒரே வழி, தன்னை யாருக்கும் தெரியாத வேறு தளத்துக்கு மாற்றல். அங்கே மறுபடியும் ஒரு தகரக் கொட்டகை, அடுப்புக்குத் தொலைவில் ஒரு கட்டில், மூன்று பிஸ்கட்.